அவளுக்குக் காதாக இருந்த நாய்

என் மனைவிக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படி இல்லை. ஒன்பது வயதில் விஷக்காய்ச்சல் வந்து இருபது நாள் படுத்துக் கிடந்தவள், எழுந்தபோது காது போயிருந்தது. அதற்கு முன் பழகிய பேச்சு மட்டும் மிச்சமிருந்தது. அடுத்தவர் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பேசுவாள், ஆனால் குரலை ஏற்றி இறக்கத் தெரியாது. கோயிலில் கத்துவாள், சந்தையில் முணுமுணுப்பாள். செம்பட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் தோட்டத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது அவளுடைய அண்ணன் எதையும் மறைக்கவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் சொல்லலைன்னு வரக்கூடாது" என்றார்.

நான் யோசிக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கவனமாக என்னை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அது ஐம்பதுகளின் நடுவில். மலையில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரை பங்களாவில் நான்கு வருடம் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துவிட்டு அப்போதுதான் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சேர்ந்திருந்தேன். நாகல் நகரில் ஒரு தோல் வியாபாரியின் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் அவர்கள், பின்கட்டில் நாங்கள், நடுவில் கிணறு.

மகள் பிறந்து நாலாவது மாதம். ஒரு மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது வாசலில் கூட்டமாக இருந்தது. தூளியில் கட்டெறும்பு ஏறி, குழந்தை வெகுநேரம் வீறிட்டு அழுதிருக்கிறது. பத்தடி தள்ளிக் கொல்லையில் என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அழுகை கேட்டு முன்கட்டிலிருந்து வீட்டுக்காரம்மாதான் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கியிருக்கிறார். குழந்தையின் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்து கிடந்தது. என் மனைவி அழவில்லை. பிள்ளையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டவள் நாலைந்து நாள் கீழே இறக்கவே இல்லை. பிறகு தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். கயிறு ஆடினால் பிள்ளை விழித்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கயிறு எட்டும் தூரம்தான் அவளுக்கு வீடு என்று ஆயிற்று. கிணற்றடிக்குக்கூடப் போக முடியவில்லை.

ஷாப்பில் தோலை அலசிக்கொண்டே அந்தக் கயிற்றை நினைத்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள்தான் நாயின் நினைப்பு வந்தது. பங்களாவில், தூரத்தில் கார் சத்தம் கேட்டால் வந்து என் கையை முட்டும்படி ஒரு நாயைப் பழக்கியிருந்தேன். கார் சத்தத்துக்கு வரும் நாய் பிள்ளை அழுதால் வராதா?

அந்த ஞாயிற்றுக்கிழமையே செம்பட்டிக்கு பஸ் ஏறி, மைத்துனர் தோட்டத்திலிருந்து ஒரு செவலைக் குட்டியைப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். சாதாரண நாட்டுநாய்தான். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டுக் கிணற்றடியிலேயே நின்றார்.

"தம்பி, நாய் வாய் வச்சா எங்களுக்கு ஏழு தடவ கழுவணும். தொழுவுற வீடு இது. நான் எப்படிச் சரின்னு சொல்றது?"

எதற்காக என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனால் எறும்பு கடித்த கழுத்தைத் தன் கையாலேயே துடைத்தவர் அவர். "கெணத்துக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. எங்க வீட்டு அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

நாய்க்கு நாங்கள் பேர் எதுவும் வைக்கவில்லை. என் மனைவி என்னை "இந்தாங்க" என்று கூப்பிடுவாள், நாயை "இந்தா" என்பாள். அதுவே பேராகிவிட்டது. அவள் கூப்பிட்டால் சில சமயம் நாங்கள் இரண்டு பேருமே திரும்புவோம்.

பழக்கியது எப்படி என்று இப்போது சொன்னால் சிரிப்பு வரும். தூளிக்குப் பின்னால் நான் உட்கார்ந்து பிள்ளை மாதிரி அழுவேன். அவள் கொல்லையில் எனக்கு முதுகைக் காட்டி நிற்பாள். குட்டி ஓடிப்போய் அவள் முழங்காலை முட்டினால் ஒரு துண்டு கறி. சும்மா முட்டினால் கிடையாது. என் அழுகையைக் கேட்டுத் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கறியை வீட்டுக்காரம்மாதான் கிணற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓலைத் தட்டில் வைத்து நீட்டுவார். மூன்று மாதம் இப்படி.

ஒரு நாள் கயிற்றைத் தூளியிலிருந்து அவிழ்த்துவிட்டு நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே பிள்ளை அழுதது. எழுந்திருக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நாய் எழுந்து தூளியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன். சட்டென்று கொல்லைக்கு ஓடியது. கையிலிருந்த பானையை அப்படியே போட்டுவிட்டு அவள் ஓடிவந்த வேகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறு கை மணிக்கட்டில் தொங்கிய கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

அதன்பின் வாசல் கதவு தட்டினால், பால்காரர் மணி அடித்தால், எல்லாவற்றுக்கும் இந்தா வந்து சொல்லும். அவள் கிணற்றடிக்குப் போனாள், கடைக்குப் போனாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள். ஒன்பது வயதுக்குமுன் கேட்ட பாட்டு, எந்த ராகத்திலும் சேராது. என் காதுக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் நாய் சொல்வது பிள்ளை அழுகிறது என்பதை மட்டும்தான். எப்படி அழுகிறது என்று அதனால் சொல்ல முடியாது. மகள் பேச ஆரம்பித்த பிறகு ஒரு நாள் என் மனைவி கேட்டாள்.

"இந்தாங்க, அவ குரலு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அது இல்ல. எது மாதிரி இருக்கு?"

அவளுக்கு எந்தெந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். விரல் விட்டுச் சொன்னாள். அம்மா கூப்பிடுவது, மாட்டு மணி, தோட்டத்துக் கிணற்றில் மாடு இழுக்கும் கமலைச் சக்கரம் கிறீச்சிடுவது, சால் கவிழ்ந்து வாய்க்காலில் தண்ணீர் விழுவது. ஒரு வாரம் மகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டேன்.

"காலையில மொதச் சால் தண்ணி வாய்க்கால்ல விழும்ல, காஞ்ச மண்ணுல? அம்புட்டுத்தான், அது மாதிரி."

அவள் மகளை மடியில் இழுத்து உட்காரவைத்து, பிள்ளையின் தொண்டையில் விரலை வைத்து, "பேசு" என்றாள். மகள் என்னென்னவோ பேசினாள். இவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

இந்தாவுக்கு ஒன்பது வயதானபோது பால்காரர் மணி அடித்துவிட்டுப் போவார், அது அசையாமல் படுத்திருக்கும். வயசாகிவிட்டது, சோம்பல் என்றேன்.

"இல்ல. அதுக்குக் காது போச்சு" என்றாள் அவள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரு மூஞ்சியையும் பாக்குது பாருங்க. காச்சல்லருந்து எந்திரிச்சு நான் இப்படித்தான் பாத்தேன்."

நாய்க்குப் பின்னால் நின்று பலமாகக் கை தட்டினேன். திரும்பவில்லை. அவள் காலால் தரையை ஒரு மிதி மிதித்தாள். உடனே தலையைத் தூக்கியது. அதன்பின் அவள் தரையைத் தட்டியே அதைக் கூப்பிட்டாள். சாப்பாடு என்றால் இரண்டு தட்டு, வெளியே என்றால் ஒன்று. மூன்று வருடம் அப்படி வைத்திருந்து, துவைகல் நிழலில் ஒரு காலையில் அது எழுந்திருக்காமல் போனபோது, வீட்டுக்காரம்மா கிணற்றைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வருடம் தொப்பம்பட்டியிலிருந்து ஒரு விவசாயி மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே காதும் பேச்சும் இல்லை.

"ஏனுங்க, நாய் பழக்கிக் குடுத்த வீடு இதுதானுங்களா? இவளுக்கு வர்ற மாசம் பிரசவமுங்க."

நான் தயங்கினேன். நாங்கள் பேசியதை எங்கள் வாயைப் பார்த்தே புரிந்துகொண்ட என் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். குட்டியை வாங்கியது மட்டும்தான் நான். இந்த முறை பழக்கியது அவள். பிரசவம் முடிந்து அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்து எங்களிடம் இரண்டு மாதம் இருந்தாள். கையாலேயே இருவரும் பேசிக்கொள்வார்கள், சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால் என்னிடம் சொல்லமாட்டாள்.

அவர்களைப் பழனி பஸ்ஸில் ஏற்றிவிடப் போனோம். நாயை அந்தப் பெண்ணின் மாமனார் மடியில் வைத்திருந்தார். பஸ் திரும்பி மறைந்த பிறகும் அவள் ரோட்டோரம் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒரு தடவ போயி பாத்துட்டு வரணுங்க" என்றாள்.

"போவோம்" என்றேன்.

இரண்டு கடிதம் வந்தன. குழந்தை நடக்கிறது, நாய் நலம் என்று. ஒவ்வொரு வருடமும் அவள் கேட்பாள், அவர்களுக்கு அறுவடை முடியட்டும், மழை விடட்டும் என்று நான் ஏதாவது சொல்வேன். அவள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். போகாமலேயே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போன தை மாதம் தனியாகத் தொப்பம்பட்டி போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் விசாரித்தேன். தோட்டத்தை விற்றுவிட்டு அந்தக் குடும்பம் எங்கோ போய்விட்டதாம். டீயைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ் வரும்வரை அந்தத் தெருக்களில் சும்மா நடந்தேன்.