நான் செய்த முகப்புப் பக்கம்

பச்சைப் புல்வெளியில் கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைகள் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் புல்வெளியே கிடையாது. சிமெண்டுத் தரை, ஒரு கூடைப்பந்துக் கம்பம், அதில் வளையம் இல்லை. ஆனாலும் பள்ளியின் இணையதளத்தைத் திறந்தால் முதலில் வந்தது அந்தப் பிள்ளைகள்தான். அங்கே வந்திருக்க வேண்டியது நான் செய்த பக்கம். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில், ஈஜிபுராவில், எதிர்வீட்டுக் குக்கர் விசில் நம் வீட்டு விசில்போலக் கேட்கிற ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அப்பா ஆட்டோ ஓட்டினார். பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் கோரமங்களாவிலிருந்து காரில் வந்து இறங்குகிறவர்கள்.

அந்த வருஷம் புதிதாக வந்த கம்ப்யூட்டர் மிஸ் சின்ன வயதுக்காரர், கன்னடக்காரர். பள்ளிக்கு இணையதளம் வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தபோது, வெளியே கொடுக்க வேண்டாம், பிள்ளைகளே செய்யட்டும் என்று சொல்லி அனுமதி வாங்கியவர் அவர்தான். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார். முகப்புப் பக்கம் என் பொறுப்பு.

வீட்டில் இந்தச் செய்தி ஊதிப் பெருத்தது. மகள் கம்ப்யூட்டரே செய்கிறாள் என்று அம்மா தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொல்லிவைத்தாள். திருத்தப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதான், போடி" என்றாள். எங்களோடு தங்கி ஒரு ரிப்பேர் கடையில் வேலை பார்த்த மாமா, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன லேப்டாப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் 'எம்' எழுத்து மட்டும் வேலை செய்யாது. எங்கெல்லாம் 'எம்' வருகிறதோ அங்கெல்லாம் வேறிடத்திலிருந்து அதை நகலெடுத்து ஒட்டித்தான் அந்தப் பக்கத்தை எழுதினேன்.

நம் தளத்தைத் திறக்கிறவர் பள்ளி வாசலில் வந்து நிற்கிறார், அவரை எப்படி உள்ளே கூப்பிடுவீர்கள் என்று ஒருநாள் மிஸ் கேட்டார். எனக்கு அது பிடித்துக்கொண்டது. இடைவேளைகளில் வகுப்பு வகுப்பாகப் போய், உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் என்ன சொல்வீர்கள் என்று விசாரித்தேன். வாங்க, பன்னி, ரண்டி, ஆவோ என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். 'பன்னி' கன்னடத்தில் எவ்வளவு மரியாதையான சொல், தமிழில் எழுதினால் இப்படி ஆகிவிடுகிறதே என்று நானே சிரித்துக்கொண்டேன். ஒன்றாம் வகுப்பில் நேபாளத்திலிருந்து வந்த வாட்ச்மேன் ஒருவரின் மகன் இருந்தான். பள்ளியில் அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவன் என் காதருகே வந்து, யாருக்கும் கேட்காதபடி, "ஆவுனுஸ்" என்றான்.

எங்கள் சிமெண்டுத் தரையில் பிள்ளைகள் கைநீட்டி அழைக்கிற படம் நடுவில். சுற்றிலும் அந்தச் சொற்கள், அந்தந்த மொழியின் எழுத்திலேயே. ஒரு சொல்லைத் தொட்டால் அதைச் சொன்ன பிள்ளையின் குரல் கேட்கும். அந்தக் குரலை வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

திறப்பு விழாவன்று பள்ளிக்கூடமே ஹாலில் தரையில் உட்கார்ந்திருக்க, எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தினார். திரையில் புல்வெளி வந்தது.

வேறு ஏதோ பள்ளியின் தளத்தைத் தவறித் திறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மேலே எங்கள் பள்ளியின் பெயர் இருந்தது. ஒரு 'வெல்கம்' இருந்தது. 'வாங்க'வும் இல்லை, 'பன்னி'யும் இல்லை, அந்தச் சின்னப் பையனின் குரலும் இல்லை. கடைசியில், இதை உருவாக்கிய மாணவர்கள் என்று ஐந்து பெயர்கள் வந்தன. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவரின் மகள் பெயர். அவள் என் வகுப்புதான். கெட்டவள் இல்லை. கம்ப்யூட்டர் அறைப் பக்கம் வந்ததில்லை, அவ்வளவுதான். பூங்கொத்து வாங்க மேடைக்குக் கூப்பிட்டபோது அவளே திருதிருவென விழித்துக்கொண்டுதான் ஏறினாள்.

நான் எழுந்து, மேடையிலிருந்த பிரின்சிபாலைப் பார்த்து நின்றேன். "சார், அத அவ செய்யல. நான் செஞ்சேன். என் பக்கத்த எங்க போட்டீங்க?" என்று, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்துக் கத்தினேன். ஹால் அப்படியே அடங்கிப்போனது. விருந்தினர் மட்டும் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார். பி.டி. மாஸ்டர் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

மிஸ் பின்னாலேயே ஓடிவந்தார். கண் சிவந்திருந்தது.

"சாரி புட்டா. நேத்து சாயங்காலம்தான் மாத்தியிருக்காங்க. இத்தன பாஷையப் பாத்தா, இது எந்த மாதிரி ஸ்கூலோன்னு பேரண்ட்ஸ் நெனைப்பாங்களாம்" என்று கன்னடத்தில் சொன்னார். புட்டா என்றால் நம் 'கண்ணு' மாதிரி.

"எந்த மாதிரி ஸ்கூல் மிஸ்?"

அவர் கசங்கியிருந்த என் காலரைச் சரிசெய்துவிட்டார்.

வீட்டுக்குப் போனால் அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூட்டிவைத்து மாமாவின் போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். "உன் பேரு எங்கடி இருக்குது? கீழ தள்ளணுமா, மேல தள்ளணுமா?" என்று கேட்டுக்கொண்டே தள்ளிக்கொண்டிருந்தாள். நான் போனைப் பிடுங்கி அணைத்தேன்.

மறுநாள் அப்பாவை வரச்சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம்தான். சிக்னலில் போலீஸ்காரரிடமே நியாயம் பேசுகிறவர் என் அப்பா. காக்கிச் சட்டையோடு பிரின்சிபால் அறைக்குள் வந்தார். அவரை உட்காரச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, "இவளுக்கு சீட் குடுத்ததுக்கு இதுதான் மரியாதையா?" என்று கேட்டார் பிரின்சிபால்.

"தப்பாய்த்து சார்" என்று கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டார் அப்பா.

என் அப்பாவா இது என்று பார்த்தேன். அவர் கையைக் கூப்பிக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. முன்வரிசையில் ஒரு நாற்காலி கொடுத்துவிட்டால் எது செய்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

"அந்த சீட்டே எனக்கு வேணாம் சார். நான் எல்லாரையும் மாதிரி கீழயே உக்காந்துக்குறேன்" என்றேன்.

பிரின்சிபால் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கேட்டியாப்பா? உன் மகளே வேணாங்கறா."

அப்பாவின் கை என் வாயைப் பொத்தியது. அந்தக் கையில் கிரீஸ் வாடை அடித்தது. "கொழந்த சார். தெரியாம சொல்லுது. எழுதிக்கிடாதீங்க சார், பேர அடிச்சிராதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எந்த சீட் என்று எனக்கு எட்டாவது முடிந்து, அம்மா என்னை அரசுப் பள்ளிக்கு அழைத்துப்போன அன்றுதான் தெரிந்தது. தனியார் பள்ளிகள் முதல் வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் தரவேண்டும் என்று சட்டம் இருந்தது. குலுக்கலில் எனக்கு அப்படி ஓர் இடம் விழுந்திருக்கிறது, எட்டாவது வரைக்கும். தெரிந்தால் நான் தலைகுனிந்து நடப்பேன் என்று வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை. சட்டம் கொடுத்த இடத்தைத்தான் அந்தப் பிரின்சிபால் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்ட பிச்சைபோலப் பேசியிருக்கிறார். வேண்டாம் என்று நான் சொன்னதும் அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்ட விதத்தை நினைத்தால், எனக்கு இன்றைக்கும் அந்த அறைக்குள் போய் இன்னொரு முறை கத்த வேண்டும்போல இருக்கிறது.

அன்று எனக்கு அப்பாமேல்தான் கோபம். என்னை வகுப்பில் விட்டுவிட்டு அவர் சவாரிக்குப் போகவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். கேட்டுக்கு எதிரே ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கைகாட்டியவர்களையெல்லாம் வேண்டாமென்று அனுப்பினார். மதியம் பார்த்தபோதும் இருந்தார். சாப்பிட்டாரா என்று தெரியவில்லை. அலுவலக அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எட்டிப்பார்த்தார். கடைசி மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்தார்.

இன்னொரு தடவை நான் வாயைத் திறந்துவிடாமல் காவல் இருக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அவர் பக்கம் திரும்பாமல், தோழிகளோடு பேசிக்கொண்டே, ஆட்டோவைத் தாண்டி நடந்து போனேன்.