சத்தம் குறைக்கும் இடம்

“...அந்த எடம் வந்தா மட்டும் சத்தத்தக் கொறச்சிருவேங்க சார்,” என்றார் பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மா.

வட்டகொடை ஸ்டேஷனில் ஹட்டன் ரயிலுக்குக் காத்திருந்தேன். தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய், மனசு வைத்தால் முடியும் என்று பேசுகிறவன் நான். நான் நேரம் கேட்டதுமே என் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். என் பேச்சைத் தினமும் போனில் கேட்கிறாராம். கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் அந்தப் போனைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எந்த எடம்மா?”

“‘எந்திரிச்சு நில்லு, ஒலகம் ஒன் காலடியில’ம்பீங்களே, அதுதான். எம் மகன் மரத்துல கெளை வெட்ட ஏறி விழுந்துட்டான் சார். ரெண்டு வருசமா படுக்கை. நீங்க சொல்ற மத்ததுக்கெல்லாம் சிரிப்பான். மொத நாளு இதக் கேட்டதும் மொகத்தத் திருப்பிக்கிட்டான்.”

எல்லா ஊரிலும் எனக்குக் கைதட்டு வாங்கித் தந்த வரி அது.

“படுத்திருக்கவனுக்குன்னு ஒன்னு பேசித் தாங்க சார்,” என்று பதிவை அழுத்தி நீட்டினார்.

போனை நோக்கிக் குனிந்து, தொடங்க ஒரு வரி தேடினேன். ரயில் வந்துவிட்டது. அதன் இரைச்சல் பதிவாகிவிடாதபடி, போனை முந்தானையால் பொத்தி என் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றார்.