அண்ணையின் இரத்தத்தில் கோயில் பொங்கல்

அண்ணைக்கு நெஞ்சு நோவு வந்த வருடம் போரால் பாதை அடைபட்டிருந்தது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கம், ஐஸைக் கண்ணால் கண்டு பலகாலம். நகரத்தில் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன். ஊரில் என்னை அரை டொக்டர் என்பார்கள். மற்ற அரையைப் பற்றி நானும் வாய் திறப்பதில்லை.

அப்பா நாற்பத்தைந்து வயதில் புகையிலைத் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். அண்ணைக்கு இந்த நோவு வரும்போது நாற்பத்து நான்கு. பரம்பரை வருத்தமோ என்று வைத்தியருக்குச் சந்தேகம். கொழுப்பு இரத்தத்தில் தானாகக் கரையாது. சிறிய புரதங்கள்தான் அதைச் சுமந்துபோய் உரிய இடத்தில் இறக்குகின்றன. சில குடும்பங்களில், கொழுப்பைக் காவுகிற அந்தக் காவிப் புரதங்கள் பிறவியிலேயே பழுது. இறங்காத கொழுப்பு இதயக் குழாய்ச் சுவரில் படியும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துக் கொழுப்பை அளந்தால் ஓரளவு பிடிபடும். அண்ணைக்கு இருந்தால் எனக்கும் இருக்கலாம்.

அண்ணைக்கு விளக்கினேன்.

“எட, ஊரிலை லொறி ஓட எண்ணெய் இல்லை. எனக்குள்ளை எண்ணெய் ஏத்தி இறக்க லொறி ஓடுதோ?” என்றார்.

கூடத்தில் கொழுப்பை அளக்கிற மருந்துப்பொடி ஒருவருக்குப் போதுமான அளவுதான் மிச்சம். கரைத்தால் அன்றே முடிக்கவேண்டும். குளிரில் வைக்க வழியில்லை. அடுத்தது எப்போது கப்பலில் வரும் என்று யாருக்கும் தெரியாது. இரவு ஏழு மணிக்குப் பிறகு அண்ணையின் வாயில் தண்ணீர் தவிர எதுவும் படக்கூடாது என்று அண்ணியைக் காவல் வைத்தேன்.

விடிய அண்ணையைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் சண்டிலிப்பாயிலிருந்து நகரத்துக்கு உழக்கினேன். நான் ஈர்க்கு, அண்ணை நெல்மூட்டை. காவிப் புரதம் படும் பாடு அன்றுதான் விளங்கியது. வழியில் கோயில். இறங்கிக் கும்பிடாமல் கடக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. யாரோ நேர்த்திக்குப் பொங்கியிருந்தார்கள். ஐயர் கூப்பிட்டு, நெய்யும் தேங்காய்ப்பாலும் கசிகிற பொங்கலை வாழையிலையில் தந்தார். கோயிலில் தருவதை வேண்டாம் என்று யார் சொல்வது? இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, பாதியை அண்ணைக்குக் கொடுத்தேன். கொடுத்தது நான்தான். அதுவும் சாப்பாடுதான் என்று அரை டொக்டருக்குப் படவேயில்லை.

பத்து மணிக்கு ஜெனரேற்றர் போட்டார்கள். மருந்தைக் கரைத்தேன். அண்ணையின் இரத்தத்தை எடுத்து, கையால் சுழற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினேன். மேலே தெளிவாக நிற்கவேண்டிய நீர் பால்போல வெளுத்து நின்றது.

“அண்ணை, இரவு என்ன சாப்பிட்டனீங்கள்?”

“ஒண்டுமில்லை. காவல் நிண்ட கொண்ணியைக் கேள்.”

“விடிய?”

“நீ தந்த பொங்கல்தான்.”

என் இரத்தத்தையாவது போட்டுப் பார்க்கலாம் என்றால், மிச்சப் பாதி என் வயிற்றில். பின்னேரம்வரை அந்த மருந்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கொண்டுபோய் ஊற்றினேன்.

வைத்தியர் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருக்கும்.

“தெரியுமட்டும் பழுதெண்டே வைப்பம். நெய், பொரியல், தேங்காய்ப்பால் ஒண்டும் வேண்டாம். ரண்டு பேருக்கும்தான்.”

அந்த வருடம் மருந்து வரவில்லை. அண்ணைக்கு நாற்பத்தைந்து பிறந்தது. தோட்டத்தில் அவர் குனியும் ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தியானங்களில் அண்ணி தேங்காய்ப்பால் விடாமல் வைத்த சொதியை, அந்த மஞ்சள் தண்ணீரை, இருவரும் சோற்றில் விட்டுப் பிசைவோம். அண்ணை ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

“பொங்கல் நல்ல ருசி, என்னடா?”