ஒரு சொட்டுத் தண்ணீர் படாத தொக்கு

இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்ததால், நடுவில் இறங்கிய இந்த வெளிநாட்டு விமான நிலையத்தில் பெட்டியை நானே எடுத்து மறுபடியும் போட வேண்டியிருக்கிறது, பிள்ளைகளே. இரண்டாவது விமானத்தில் குறைந்த எடைதான் ஏற்றுவார்களாம். அதனால் உங்கள் அம்மா கொடுத்த புளிச்சக்கீரைத் தொக்கு பாட்டிலைக் கைப்பைக்கு மாற்றிவிட்டேன். அதுதான் தப்பு.

சோதனையில் பை நின்றுவிடுகிறது. அதிகாரி பாட்டிலைத் தூக்கி, "லிக்விட்" என்கிறார். எனக்கு ரோஷம் வருகிறது. மூன்று மாதம் கெடாமல் இருக்க, ஈரக்கை படாமல் எண்ணெயிலேயே அம்மா கிளறியது அது.

"நோ வாட்டர் சார், நோ வாட்டர்!"

அவர் குப்பைத் தொட்டியைக் காட்டுகிறார். அங்கே ட்ரே அடுக்குகிறவர் திரும்பிப் பார்க்கிறார்.

"இன்னாண்ணா, தொக்கா? தண்ணி இல்லன்னாலும் வுட மாட்டாங்க. கொழகொழன்னு கீதுல்ல."

"எந்த ஊருப்பா நீ?"

"பெருநகருண்ணா."

"நான் மானாம்பதி, பக்கத்து ஊருதான். நீயே வச்சிக்கப்பா."

"ஐயோ, வாங்கினா என் வேலை பூடும்ணா."

ட்ரேக்காரர் அதிகாரி கையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து ஒருமுறை முகர்கிறார். பிறகு இறுக்கி மூடி, எறியாமல், குனிந்து தொட்டிக்குள் வைக்கிறார்.

"வெந்தயம் வறுத்துப் போட்டுக்கிறாங்க" என்கிறார்.

அடுத்த விமானத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. நீளமான நாற்காலி வரிசையில் நான் ஒருவன்தான். அம்மா போனில் கேட்டால், தொக்கு ருசியாக இருந்தது என்று சொல்வேன். நீங்களும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.