கூமாப்பட்டிக்காரன் முறை

மனித உடம்புக்குள் பேச்சு ஓர் அளவோடுதான் இருக்கிறது, அது தீர்ந்துபோனால் வியாதியும் தீர்ந்துபோகும் என்று பதினான்கு வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். இதை என் மனைவியிடம் சொன்னால், அப்படியானால் உங்கள் வியாதி இன்னும் முழுசாக இருக்கிறது என்கிறாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒன்பதாம் வகுப்பு. மண்ணெண்ணெய் வாங்கிவர அனுப்பினால், வழியில் ரோடு ரோலரை வேடிக்கை பார்த்துவிட்டு, மண்ணெண்ணெயும் இல்லாமல், டின்னும் இல்லாமல், ரேஷன் கார்டும் இல்லாமல் வீடு திரும்புகிற பிள்ளை நான். வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன், வேறொரு கேள்விக்கு. மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். அந்தத் தாயத்தையும் நான் எங்கேயோ தொலைத்துவிட்டு வந்தபிறகு, அப்பா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஓர் ஆஸ்பத்திரி மாடிக்குச் சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. என்னைப் போல ஓரிடத்தில் நிலைக்காத ஆறு பையன்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார். அதுதான் வைத்தியம். மனதில் இருப்பதெல்லாம் வெளியே வரவேண்டும் என்று முதல் நாளே சொன்னார். தொட்டியைக் காலி செய்து கழுவுகிற வேலை என்று நான் புரிந்துகொண்டேன்.

அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்: "அரையாண்டுப் பரீட்சைக்குள்ள சரியாகலன்னா பள்ளிக்கூடம் வேண்டாம்லே. எங்கூட மில்லுக்கு வந்துரு." வழக்கம்போல அதட்டியிருந்தால் மறந்திருப்பேன். அமைதியாகச் சொன்னார். சாப்பாட்டுத் தூக்கு கொடுக்கப்போய் ஒருமுறை மில்லுக்குள் பார்த்திருக்கிறேன். அந்த இரைச்சலில் யாரும் பேசுவதில்லை, எல்லாம் கைச்சாடைதான். என்னைப் போன்றவனுக்கு அதைவிடப் பெரிய நரகத்தை யாரும் கட்டிவைக்க முடியாது. ஆகவே அரையாண்டுக்குள் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும்.

டாக்டரம்மா ஒரு விதி வைத்திருந்தார். கையில் பொருள் வைத்திருப்பவன்தான் பேசலாம், மற்றவர்கள் கேட்கவேண்டும். முதல் வாரம் மரஸ்கேலைக் கொடுத்தார். இரண்டு பேர் அதில் வாள் சண்டை போட்டார்கள். அடுத்த வாரம் அப்பா மில்லிலிருந்து நூல் சுற்றுகிற காலி அட்டைக் கோன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கோன் என் கைக்கு வந்தால் திரும்பிப் போகாது. உண்மைகள் மூன்றாவது வாரமே தீர்ந்துவிட்டன. அதன்பிறகு பக்கத்து வீட்டு ராஜபாளையம் நாய் எங்கள் தலைமையாசிரியரைத் துரத்திய கதையைத் தவணை முறையில் சொல்ல ஆரம்பித்தேன். அந்த நாய் நிஜத்தில் வாசலைத் தாண்டியதில்லை.

எனக்கு இடப்பக்கம் கூமாப்பட்டிப் பையன் ஒருவன் உட்காருவான். அவன் அப்பா விவசாயி. அவர்கள் வந்திறங்கும் பஸ்ஸிலிருந்து பாதி நேரம் அவன் பையை மறந்துவிட்டு இறங்குவான், அவர் ஓடிப்போய் எடுத்துவருவார். கோன் அவனிடம் வந்தால் அதன் ஓட்டை வழியாக ஒரு கண்ணால் என்னைப் பார்ப்பான், பிறகு என்னிடம் கொடுத்துவிடுவான். ஒரு வார்த்தை பேசமாட்டான். சிரித்தாலும் சத்தம் வராது, தோள்கள் மட்டும் குலுங்கும். ஆனால் நான் நடுவில் பாதை தவறி நிற்கும்போதெல்லாம், "நாய் சொவரேறுச்சு, அதுல விட்ட" என்று காதோரம் எடுத்துக்கொடுப்பான். போன வாரம் விட்ட இடம்கூட அவனுக்கு நினைவிருக்கும். பிள்ளைக்குக் கவனமே நிற்கவில்லை என்று அவன் அப்பா டாக்டரம்மாவிடம் சொல்லி அழுதவர். வீட்டுக்குப் போகும்போது டவுசர் பையிலிருந்து எனக்கு ஒரு நெல்லிக்காய் கொடுப்பான்.

அரையாண்டுப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரே அவசரம். உள்ளே இன்னும் எம்புட்டோ மிச்சமிருந்தது, பேசப்பேச ஊறிக்கொண்டே வந்தது. கோன் கூமாப்பட்டிக்காரனிடம் போயிற்று. கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அன்று அவன் அதைத் தரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணு சொல்லணும்" என்றான்.

எல்லோரும் அசையாமல் இருந்தோம். ஆறு பேரும் சேர்ந்தாற்போல் அசையாமல் இருந்தது அந்த அறையில் அதுதான் முதல் தடவை. அவன் தொண்டையைச் செருமினான், கீழே பார்த்தான். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் இருந்தது.

கோனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"செத்த இருலே, நான் முடிச்சுக்கிடுதேன். நீ அடுத்த வாரம் சொல்லு."

அவன் முறை அது, அவன் பேசட்டும் என்றார் டாக்டரம்மா. அவன்தான் வேண்டாமென்று தலையாட்டினான். "இல்ல டாக்டரம்மா, அவனே சொல்லட்டும். கத நல்லாருக்கும்."

சொன்னேன். நாயைத் தலைமையாசிரியர் வீட்டு மாடிவரை ஏற்றினேன். அவன் தோள்கள் குலுங்கின. படியிறங்கும்போது டவுசர் பையில் இருந்த நெல்லிக்காய் அம்புட்டையும் என் பையில் போட்டான். எனக்குச் சந்தோஷம். எண்ணிக்கொண்டே பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் இடம் காலியாக இருந்தது. எனக்கு வந்தது பொறாமை. இத்தனை வாரம் தொண்டை வறளக் கத்திய நான் இங்கேயே இருக்க, வாயே திறக்காதவன் குணமாகிப் போய்விட்டானே என்று பஸ்ஸில் அப்பாவிடம் புலம்பினேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரீட்சையில் எப்படியோ தேறினேன். அதன்பிறகு மில் பேச்சை அப்பா எடுக்கவே இல்லை.

இப்போதும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூமாப்பட்டி, கூமாப்பட்டி என்று கூவினால், ஏறுகிறவர்களில் என் வயதுக்காரர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். யாராவது சிரிக்கமாட்டார்களா என்று நிற்பேன். நான் சொல்வதைக் கடைசிவரை கேட்டவர்கள் அதன்பிறகு எனக்கு அதிகம் வாய்க்கவில்லை. அவன் சொல்ல வந்ததை, முழுசாக, குறுக்கே பேசாமல், ஒருமுறை கேட்கவேண்டும். அது என்னவென்று தெரிந்தபிறகும் கேட்கவேண்டும் போலத்தான் இருக்கிறது.

அதை அப்பா சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு. நாங்கள் மாடியில் பேசும்போது அப்பாக்கள் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அவன் கடைசியாக வந்த அன்றே அவருக்குத் தெரியும். கூமாப்பட்டிக்காரர் பையனின் படிப்பை நிறுத்திவிட்டிருந்தார். இரண்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை காலையில் தாய்மாமன் வந்து அவனைத் திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்குக் கூட்டிப்போனார். அதை எங்களிடம் சொல்லிக்கொண்டு போவதற்காகத்தான் அவன் அந்தச் சனிக்கிழமை வந்திருந்தான்.