கெடு கடந்த கடன்

மரக்கடைக்காரர் தன் பழைய கூட்டாளிக்கு எண்பதாயிரம் கடன்பட்டிருந்தார். வழக்குப் போடும் கெடு கடந்துவிட்டதென்று நீதிமன்றம் கூட்டாளியின் வழக்கைத் தள்ளுபடி செய்ததிலிருந்து, "அஞ்சாவதோட நின்னவன், வக்கீலையே ஜெயிச்சிருக்கேன்!" என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தார்.

சட்டத் தத்துவத்தில் மேற்படிப்பு படிக்கும் மகள், கெடு கடந்த கடன்களைப் பற்றி ஆய்வுரை வாசித்த அன்று, மொடமொடக்கும் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பேராசிரியை மகளை மடக்கினார். "கெடு போனா கடனும் போச்சு, இல்லையா?"

"இல்ல மேடம். வாங்கித் தர மாட்டேன்னுதான் சட்டம் சொல்லுது. குடுக்க வேண்டாம்னு சொல்லல."

அந்த ஒரு பேச்சை ஆளாளுக்குப் புரட்டிப் போட்டார்கள். மகள் அசரவில்லை. தட்டிப் பார்த்தே மரத்துக்குள் வைரம் பாய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுகிறவர் கடைக்காரர். கண்ணுக்கே தெரியாத ஒன்றையும் இப்படி இழைத்து இழைத்துப் பார்க்கலாமென்று அன்றுதான் கண்டார். மலைத்துப்போனார்.

வாசலில் மகள் தயங்கினாள். "உங்களை மனசுல வெச்சு எழுதலப்பா."

"தெரியும்மா. என் ரத்தமாச்சே, அதான் இந்தப் போடு போடுற!"

வழியில் வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போனார்.

"கோர்ட்டே வேண்டாம்னுடுச்சே, இப்ப என்னய்யா?"

"கோர்ட்டு கிடக்குது. என் பொண்ணுக்கு முன்னால அதெல்லாம் எம்மாத்திரம்? கையை நீட்டுய்யா!"

விரிந்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார்.