நாய் ஈயும் மாட்டு ஈயும்

எங்கள் வீட்டில் நாய்க்கும் மாட்டுக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. வந்த ஒரே வம்பும் ஈயால் வந்தது. அந்த வருஷம் மழை விட்டதும் உத்திரமேரூர்ப் பக்கமே ஈ மொய்த்தது. கறக்க உட்கார்ந்தால் மாடு உதைத்தது. சொசைட்டிக்கு ஊற்ற வேண்டிய பாலில் பாதி தரைக்குத்தான் போயிற்று.

நைனா குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். "இந்த நாய் மேல கீற ஈதான் மாட்டு மேல ஏறுது. நாளைக்குப் பாலாத்துக்கு அந்தாண்ட கொண்டும்போய் வுட்டுட்டு வந்துடு," என்று சித்தப்பாவிடம் சொன்னார். நாயின் கழுத்தில் தட்டை ஈக்கள் ஒட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அது என் நாய். நான் சோறு வேண்டாம் என்று அழுதுகொண்டே படுத்துவிட்டேன். நாயோ தன் வழக்கு நடப்பது தெரியாமல் என் பங்கையும் தின்றுவிட்டுப் போனது.

சித்தப்பா வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தவர். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். மாட்டின் முதுகில் ரத்தம் குடித்துக்கொண்டிருந்த உருண்டைக் கண் கொண்ட பெரிய ஈ ஒன்றைப் பிடித்து மருந்து பாட்டிலில் அடைத்தார். பிறகு அதே மாட்டின் வாலைத் தூக்கி, அடியில் பதுங்கியிருந்த தட்டை ஈ ஒன்றைப் பிடுங்கி இன்னொரு பாட்டிலில் போட்டார்.

"நாய்கிட்ட புடிக்கலையா சித்தப்பா?"

"கம்முனு இரு."

நைனாவிடம் இரண்டு பாட்டிலையும் நீட்டினார். "பாருண்ணா, இது மாட்ல புட்ச்சது. இந்தத் தட்ட ஈ நாய்ல புட்ச்சது. ரெண்டும் வேற வேற."

நைனா நசுக்கிப் பார்த்தார். பெரிய ஈ உடனே செத்து விரலெல்லாம் ரத்தம். தட்டை ஈயோ எவ்வளவு அழுத்தியும் சாகாமல், நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடி அவர் சட்டைக்குள் புகுந்துகொண்டது. சட்டையை உதறியபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேறதான். நாய் இருந்துட்டுப் போவட்டும்."

நைனா நன்றாக ஏமாந்தார் என்று நானும் சித்தப்பாவும் வெகுநாள் சிரித்துக்கொண்டிருந்தோம். தினமும் மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவருக்கு அதன் வாலடியில் எந்த ஈ இருக்கும் என்று தெரியாதா என யோசிக்கிற வயசு எனக்கில்லை.

அன்று சாயங்காலம் நைனா மாட்டுக்கு வேப்பெண்ணெய் தடவினார். அந்தக் கையோடு வந்து நாயை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, காது மடல்வரை அதற்கும் தடவினார். வேறு ஈ என்று ஒப்புக்கொண்டவர் இதற்கு ஏன் எண்ணெயை வீணாக்குகிறார் என்றுதான் எனக்கு அப்போது பட்டது.